முதல் ஓவியம் வாங்குவதற்கு முன் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

லாஸ்பேட்டை மாடிவீடு

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் வேலை மாற்றலாகிப் புதுச்சேரிக்கு வந்தேன், லாஸ்பேட்டையில் வாடகை வீடு. ஞாயிறு சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனால் டுமாஸ் வீதியில் அலியான்ஸ் பிரான்சேஸின் மெசோன் கொலம்பானி கூடத்தில் கண்காட்சி ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஓவியம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, பள்ளிக்கூடத்து டிராயிங் பீரியடோடு சரி.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு கண்காட்சியில் ஒரு நீர்வண்ண ஓவியம் பார்த்தேன். மணலில் ஒரு குவியலாக வலை, பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்து சிக்கெடுக்கிறார், அவ்வளவுதான். முகமே தெரியாது. ஆனால் அந்த முதுகில் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தது. விலை 12,000. அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்துவிட்டேன், அடுத்த வாரம் பணத்தைத் தேற்றிக்கொண்டு போனால் கண்காட்சி முடிந்திருந்தது.

அந்தப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இனிமேல் மாதம் 2,500 ரூபாய் இதற்கென்று எடுத்து வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டுச் சுவரை நிரப்புவது நோக்கமில்லை, சோபாவுக்குப் பொருத்தமான படம் தேடவில்லை. பத்து இருபது வருஷம் கழித்துப் பார்த்தாலும் ஏன் வாங்கினேன் என்று சொல்லத் தெரிய வேண்டும், அப்படிச் சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது, ஏமாறாமல் வாங்குவது எப்படி, இந்த உப்புக்காற்றில் காப்பாற்றுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை

தம்பி, நான் கடலூர் மஞ்சக்குப்பம். இருபது வருஷத்துக்கு மேல் சேர்க்கிறேன், எல்லாம் காகிதத்தில் வரைந்தவை, பெரும்பாலும் கோட்டோவியங்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் ஆறு மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். மாதம் 2,500 வீதம் எடுத்து வையுங்கள், 15,000 சேரட்டும், அதுவரை பார்ப்பது மட்டும்தான் வேலை. உங்கள் ஊரில் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. அலியான்ஸ் பிரான்சேஸ் கண்காட்சிகள் உங்களுக்குத் தெரியும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்து மாணவர்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும்போது தவறாமல் போய்விடுங்கள். ஆரோவிலில் பாரத் நிவாஸ் வளாகத்தில் கலாகேந்திரா இருக்கிறது. அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் ஈசிஆர் வழியாகச் சென்னை போகும் பஸ் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள், சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் தொடங்கியது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஊர் இல்லை அது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அங்குள்ள காட்சியகத்தில் பணிக்கர், சுல்தான் அலி, ராமானுஜம் என்று சென்னைக் கலை இயக்கத்துப் படைப்புகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். ராமானுஜத்தின் பேனாக் கோடுகளுக்கு முன்னால் மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் பக்கத்து ஓவியர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்தால்தான் இன்று ஒரு இளைஞர் வரைவது புதிதா, ஏற்கெனவே பார்த்ததன் நகலா என்று பிடிபடும்.

பார்க்கும்போது ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சியில் நின்று எழுத வேண்டாம், மூன்று நாள் கழித்து வீட்டில் உட்கார்ந்து எதெல்லாம் நினைவில் நிற்கிறது என்று எழுதுங்கள். அங்கே அட்டகாசமாகத் தெரிந்த பெரிய கேன்வாஸ் பலதும் மூன்றாம் நாள் காணாமல் போயிருக்கும், ஓரத்தில் மாட்டியிருந்த உள்ளங்கை அகலப் பென்சில் படம் ஒன்று அப்படியே இருக்கும். நீங்கள் அந்த முதுகை இரண்டு மாதமாகச் சுமக்கிறீர்கள் இல்லையா, உங்கள் கண் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த ஓவியரைத் தேடுங்கள். கண்காட்சி நடத்தியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தப் படம் விற்றிருந்தாலும், அவர் அடுத்து என்ன வரைகிறார் என்று பார்க்கலாமே.

அடுத்தது, ஒரு இழை வேண்டும். நான் தொடக்கத்தில் கண்டதையும் வாங்கினேன். அதில் ஒரு தஞ்சாவூர் ஓவியமும் உண்டு, "ஒரிஜினல் 22 கேரட் தங்கத் தாள்" என்று சொல்லித்தான் விற்றார்கள், ரசீதில் "ஓவியம் 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், நானும் கேட்கவில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் கிருஷ்ணர் கழுத்துப் பக்கம் பச்சைப் பச்சையாகப் பூத்தது. தங்கம் பச்சை பூக்காது, அது பித்தளைச் சாயல் தாள். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. தஞ்சாவூர் ஓவியம்தான் உங்கள் விருப்பம் என்றால் பலகை என்ன மரம், தாள் என்ன தாள், கல் என்ன கல் என்று கேட்டு அத்தனையையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அதற்கப்புறம்தான் யோசித்தேன். எனக்கு உண்மையாகப் பிடித்தது கோடு. ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளில் வரைந்ததைப் பார்த்து வளர்ந்த ஆள் நான், பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டை இழுத்து ஒரு ஆளை நிற்க வைத்துவிடுவார். அதனால் காகிதம், கோடு, கடலோர வாழ்க்கை என்று வைத்துக்கொண்டேன். காசுக்கும் அதுதான் ஒத்து வந்தது, ஒரே ஓவியரின் கேன்வாஸ் வாங்கும் பணத்தில் அவருடைய கோட்டோவியம் நாலைந்து வாங்கலாம், அவர் எப்படி யோசிக்கிறார் என்பதும் அதில்தான் நேராகத் தெரியும்.

பணம் குறைவு என்று கவலை வேண்டாம். நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல், டோரதி வோகல் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் தபால் துறை ஊழியர், அந்தம்மா நூலகர். அந்தம்மா சம்பளத்தில் குடித்தனம், இவர் சம்பளத்தில் ஓவியம். கட்டுப்படியாக வேண்டும், தங்கள் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் வைக்க முடிய வேண்டும், இந்த இரண்டைத்தான் பார்த்து வாங்கினார்கள். 1960களில் ஆரம்பித்து 4,000க்கு மேல் சேர்ந்தது, 1992இல் அமெரிக்காவின் தேசிய ஓவியக்கூடத்துக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நம் பக்கத்திலேயே கோட்டையூர் ரோஜா முத்தையா இருந்தார், சைன்போர்டு எழுதுகிற தொழில். பழைய புத்தகம், அழைப்பிதழ், நோட்டீஸ் என்று அவர் சேர்த்ததை வைத்துத்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே நடக்கிறது. என்ன சேர்க்கிறோம் என்று இவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

ஒவ்வொன்றும் வாங்கிய அன்றே எழுதி வையுங்கள்: ஓவியர் பெயர், வருஷம், எதில் எதனால் வரைந்தது, அளவு, விலை, எங்கே வாங்கியது, ஓவியர் அதைப் பற்றிச் சொன்னது ஏதாவது இருந்தால் அதுவும். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடாதீர்கள், தனிக் கவரில் போட்டு வையுங்கள்.

நெய்வேலி ரோடு

மாதம் 2,500ஐ ஆர்டியில் போட்டால் கணக்கு தெரியும். ஓவியம் என்று முதலீடு செய்கிறீர்கள், நாளைக்கு அவசரம் என்றால் யார் வாங்குவார்கள்? நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

கெடிலக்கரை

நியாயமான கேள்விதான், அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பெரும்பாலானவற்றை யாரும் வாங்க மாட்டார்கள். ஏலத்தில் கோடிக்குப் போகும் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, இளம் ஓவியர்களின் படைப்புக்கு நம் ஊரில் மறுவிற்பனைச் சந்தை என்று ஒன்றுமே கிடையாது. ஆகவே இதை முதலீடு என்று யாராவது விற்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தம்பி முதலீடு என்று கேட்கவில்லை, அவர் கேட்டது வேறு. அவசரத்துக்கு வைக்கும் பணத்தைத் தொடாமல் மிச்சத்தில் வாங்கட்டும்.

கரித்துண்டு

நான் வரைகிறவள், படித்தது பல்கலைக்கூடத்தில், இப்போது வில்லியனூர் பக்கம். எங்கள் தரப்பிலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

ஸ்டூடியோவுக்கு வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், தயங்கவே வேண்டாம். வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஒருத்தர் வந்து, முடிக்காத வேலையை எல்லாம் புரட்டிப் பார்த்து, இந்த இடத்தில் ஏன் வண்ணம் போடாமல் விட்டீங்க என்று கேட்டால் அன்றைக்கு எனக்கு நாள் நன்றாகப் போகும். பணம் மொத்தமாக இல்லையென்றால் மூன்று தவணையாகக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், நான் அப்படித்தான் நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் காய்கறிக் கடை மாதிரி பாதி விலைக்குக் கேட்காதீர்கள். ஒரு கண்காட்சியில் பார்த்த படத்தை, கேலரிக்குத் தெரியாமல் ஓவியரிடம் போய்க் குறைத்துக் கேட்பதும் வேண்டாம். கேலரிகள் பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்கின்றன, அந்தக் காசில்தான் இடம், விளக்கு, அழைப்பிதழ் எல்லாம். பின்வாசலில் விற்றோம் என்று தெரிந்தால் அடுத்த தடவை எங்களுக்குச் சுவர் கிடைக்காது.

பிரிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை, குறைந்த பட்ஜெட்டுக்கு அது மிக நல்ல வழி. லினோகட், மரச்செதுக்கு, எச்சிங் இதெல்லாம் ஓவியர் தானே அச்சுக்கட்டையைச் செதுக்கி, எச்சிங் என்றால் உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து, மை தடவி, ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பது. அடி ஓரத்தில் பென்சிலில் 5/25 என்று இருந்தால் மொத்தம் இருபத்தைந்து, இது ஐந்தாவது என்று பொருள், பக்கத்தில் கையெழுத்து. ஒவ்வொன்றும் அசல்தான். ஆனால் முடிந்த ஓவியத்தைப் போட்டோ எடுத்து இங்க்ஜெட்டில் கேன்வாஸ் மேல் அடித்து, மேலே கொஞ்சம் ஜெல் தடவித் தூரிகைத் தடம் மாதிரி காட்டுவதும் "பிரிண்ட்" என்ற பெயரில்தான் வருகிறது. அது அலங்காரம். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இயந்திரம் அடித்தது. லினோகட்டில் மை ஓரத்தில் லேசாகப் பிதுங்கி நிற்கும், எச்சிங்கில் தகடு அழுந்திய விளிம்பைக் காகிதத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொன்று. படத்தை வாங்கினால் படம் உங்களுடையது, அதை அச்சடிக்கும் உரிமை ஓவியருடையதுதான், எழுதிக் கொடுத்தால் ஒழிய. என் படத்தை வாங்கின ஒருத்தர் அதை அவர் கம்பெனி காலண்டரில் போட்டு எனக்கே ஒன்று அனுப்பினார், அவருக்கு நல்ல எண்ணம்தான், எனக்குத்தான் ரொம்ப வருத்தமாகிவிட்டது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது, ஓவியத்தின் அசல் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால் அதில் ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு என்கிறது. நடைமுறையில் யாரும் கொடுப்பதில்லை. நீங்கள் எப்போதாவது விற்றால் இதை நினைவில் வையுங்கள், தம்பி.

ஓவியத்தோடு நிற்காமல் மண் பக்கமும் பாருங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, எங்கள் ஊர் முனுசாமி ஐயாவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊருக்குள்ளேயே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி 1971இலிருந்து நடக்கிறது, ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கியது. அங்கே கற்றவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஒரு நல்ல கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கண்ணுக்கு அது பெரிய பயிற்சி.

பிரேம்கடை கடலூர்

சார், கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன், இருபத்தெட்டு வருஷமாகப் பிரேம் போடுகிறேன். நம் ஊரில் ஓவியத்தைக் கெடுப்பது திருடன் இல்லை, ஈரம். அதற்கடுத்து நாங்களே, பிரேம் கடைக்காரர்கள்.

முதலில், லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். கடவுள் படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் அது சரி. கையால் வரைந்த காகிதத்தை ஒட்டிவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது, அதோடு முடிந்தது. செல்லோடேப்பும் கூடாது, ஐந்தாறு வருஷத்தில் பழுப்புக் கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்ததற்கு அடுத்த வாரம் என் கடைக்கு வந்த படங்களை மறக்க முடியாது. மரமெல்லாம் சாய்ந்து, ஓடு பறந்து, கரண்ட் இல்லாமல் ஊரே கிடந்தது. ஒரு டீச்சரம்மா நீர்வண்ணப் படம் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். மழைநீர் நேராகப் படத்தில் படவே இல்லை. பின்னால் அடித்திருந்த ஹார்ட்போர்டு சுவர் ஈரத்தைக் குடித்து, அதன் சாறு காகிதத்துக்கு ஏறி, வானம் இருந்த இடத்தில் டீ கொட்டின மாதிரி வட்டம் வட்டமாக நின்றது. மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) இல்லாமல் கண்ணாடியை நேராக வைத்திருந்ததால் ஒரு ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிக்கப் பயந்து அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிரேம் போட்டது நான்தான். அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் விசாரித்துக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே காகிதப் படம் என்றால் ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாத) மவுன்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள், சாதா மவுன்டைவிட விலை கூடத்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். படத்துக்குப் பின்னாலும் அதே போர்டு ஒன்று, அதற்கப்புறம்தான் ஹார்ட்போர்டு. கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. படத்தை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சின்னக் கீல் மாதிரி மெல்லிய தாளில் மாவுப்பசை போட்டுத் தொங்கவிட வேண்டும், நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் காகிதம் விரியும்போது நெளிந்துவிடும். பிரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் கார்க் துண்டு வைக்கச் சொல்லுங்கள், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்று ஓடும்.

விருத்தாசலத்தான்

ஒரு எச்சரிக்கை மட்டும். புதுச்சேரியில் பழைய வீடு இடிக்கும்போது வருகிற சாமான் என்று தூண், சிலை, ஓவியம் எல்லாம் விலைக்கு வருகிறது. ஆசையில் கை வைத்துவிடாதீர்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய சிற்பமும் ஓவியமும் தொல்பொருள், சுவடி என்றால் எழுபத்தைந்து வருஷம் போதும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், சிலை போன்றவற்றைப் பதிவு செய்திருக்க வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

எங்கள் ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கதை தெரிந்தால் புரியும். சின்ன வயதில் பிரகாரம் சுற்றும்போது பார்த்த கோஷ்டம், அதாவது கோயில் சுவர் மாடம் அது. உள்ளே இருந்த கற்சிலை கடத்தப்பட்டு, நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் மூலமாக 2004இல் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. காகிதமெல்லாம் பக்காவாக இருக்கிறது என்றுதான் அவர்கள் வாங்கினார்கள், அந்தக் காகிதம் பொய். அது எங்கள் கோயில் சிலைதான் என்று நிரூபிக்க உதவியது எது தெரியுமா, உங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருஷம் முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். 2014இல்தான் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. பெரிய கலைக்கூடமே ஏமாந்தது. "எங்கிருந்து வந்தது, இதற்கு முன் யாரிடம் இருந்தது" என்ற கேள்விக்கு மழுப்பினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

லாஸ்பேட்டை மாடிவீடு

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கரித்துண்டு அக்கா, ஸ்டூடியோவுக்கு வரலாம் என்று சொன்னது பெரிய தைரியம் கொடுத்தது. கெடிலக்கரை சார், அந்த ஓவியரைப் பற்றி விசாரித்துவிட்டேன். வலைப் படம் விற்றுவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மாவைப் பார்த்தே வரைந்த பென்சில் ஸ்கெட்ச் நாலைந்து அவரிடம் இருக்கிறதாம், வந்து பாருங்கள் என்றார். ஆறு மாதம் வாங்காதே என்று சொன்னீர்கள், இதற்கு மட்டும் விலக்கு உண்டா?

இன்னொரு சந்தேகம். ஊரில் பாட்டி வீட்டில் பழைய லட்சுமி படம் ஒன்று இருக்கிறது, ரவி வர்மா படம் என்பார்கள். அதுவும் சேகரிப்பில் சேருமா?

கெடிலக்கரை

அந்த ஸ்கெட்ச்சுக்கு விலக்கு என்ன, அதுதான் தம்பி நான் சொன்னது. நாலையும் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள், எதில் அவர் முதுகைக் கண்டுபிடித்தார் என்று தெரியும். அந்த ஒன்றை வாங்குங்கள்.

பாட்டி வீட்டு லட்சுமி அநேகமாக அச்சுப் படம். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து எண்ணெய் ஓவியங்களைக் கல்லச்சில் அடித்துத்தான் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார். அடி விளிம்பில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், பிரேம் அதை மறைத்திருக்கலாம். பிறகு வந்த மறுபதிப்புகளும் ஏராளம். ஆனால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், பாட்டி தினமும் விளக்கேற்றும் படமாக இருந்தால் அது இருக்கும் இடம்தான் அதற்குச் சரியான இடம். பாட்டியிடம் யார் வாங்கியது, எந்த வருஷம், எந்த ஊர்க் கடை என்று கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்ல இப்போது பாட்டி இருக்கிறார்.

லாஸ்பேட்டை மாடிவீடு

சரி சார், தீபாவளிக்குப் போகும்போது கேட்கிறேன். பிரேம்கடை அண்ணா, ஸ்கெட்ச் வாங்கினால் உங்களிடம்தான் கொண்டு வருவேன். ஹாலில் மூன்று சுவர் காலி: கிழக்குச் சுவர் வெளிப்பக்கம் மழை அடிக்கும், மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல், நடுவில் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் பொதுச் சுவர். எதில் மாட்டலாம்?

பிரேம்கடை கடலூர்

நடுச் சுவர்தான் சார், யோசிக்கவே வேண்டாம். அதிலும் மேற்கு ஜன்னல் வெயில் நாலு மணிக்கு எதுவரை வந்து விழுகிறது என்று பார்த்து, பென்சிலில் ஒரு கோடு போட்டு வையுங்கள், அதற்கு உள்ளே தள்ளி ஆணி அடிக்கலாம். பென்சில் வெயிலுக்கு மங்காது, ஆனால் காகிதம் பழுக்கும். படத்தின் நடுப்பாகம் நிற்கிற உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும், எல்லோரும் மேலே தூக்கி மாட்டிவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒரு தடவை எடுத்துப் பின்பக்கம் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஒரு நாள் ஃபேன் காற்றில் வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.